அடிபட்ட பேஸ் கிட்டாரை யார் வாங்க வேண்டும்?

ஆடி பிறந்துவிட்டால் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசை கட்டும். பகலில் கூழ் வார்த்து முடித்த ஊர், இரவில் மேடை போட்டு மெல்லிசைக் கச்சேரிக்கு உட்காரும். பாடகரிடம் துண்டுச்சீட்டு கொடுத்துப் பாட்டுக் கேட்கிற கூட்டம், பின்வரிசையில் நான்கு தந்தி பேஸ் கிட்டாரோடு நிற்பவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவர் கையை எடுத்தால்தான், எது குறைந்தது என்று சொல்லத் தெரியாமலேயே, பாட்டு சப்பென்று போய்விட்டதை உணரும்.

அவருடைய இடத்துக்கே இப்போது ஆபத்து. கீபோர்டுக்காரரின் இடது கை பேஸையும் சேர்த்து வாசித்துவிடுகிறது. ஓர் ஆள் சம்பளம் மிச்சம். அப்படியும் விடாமல் பேஸ் கிட்டாரைப் பிடித்திருப்பவர் புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பினால் இரண்டு வழி தெரியும். ஒன்று, கடைக் கண்ணாடிக்குள் பளபளக்கும் மலிவு விலைப் புதுக் கருவி. மற்றொன்று, யாரோ முப்பது நாற்பது வருடம் வாசித்து, சாயம் உரிந்து, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றி, உடம்பில் ஓட்டை போட்டு வைத்திருக்கும் பழைய கருவி. “காசையும் கொடுத்துப் பழசையா வாங்குவாய்?” என்றுதான் வீட்டில் கேட்பார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். மேடையில் வாசித்துப் பிழைப்பவர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது அந்தப் பழசைத்தான்.

இதற்கு முதல் சாட்சி கருவியின் பிறப்புக் கதை. கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது; ஆனால் ஒரு பொருளில் எது முதலில் பழுதாகும், எதைச் சுலபமாகக் கழற்ற முடிய வேண்டும் என்பது அத்துப்படி. 1951-இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு விடுதலை கொடுத்தது. தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். கழுத்தில் ஃபிரெட் கம்பிகள் இருப்பதால் சுரம் பிசகாது. கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கியிருந்தார். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். அவரே சும்மா இருக்கவில்லை: 1957-இல் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து அமைத்தார், 1960-இல் இரண்டு பிக்கப்புகளோடு ஜாஸ் பேஸை வெளியிட்டார். செய்தவரே பிரித்து மாட்டத் தோதாகச் செய்த கருவியை, பின்னால் வாங்கியவர் பிரித்து மாட்டினார் என்பதற்காகத் தீண்டத்தகாததாக்குவது வேடிக்கை.

அதைச் செய்வது சேகரிப்பாளர்களின் சந்தை. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்த கிட்டார்களுக்குத் தனி மவுசு. ஆணி முதல் சாயம் வரை தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருந்தால்தான் அந்த மவுசும். மறுபடி சாயம் அடித்திருந்தாலே விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது அங்கே புழங்கும் கணக்கு. பிக்கப் மாறியிருந்தால், கூடுதலாக ஓர் ஓட்டை விழுந்திருந்தால் இன்னும் இறங்கும். இப்படிக் குறைகிற விலையில் பெரும்பகுதி காதில் கேட்காத குறைகளுக்கானது. வாசிப்பவருக்கு லாபம் கிடைப்பது அங்கேதான்.

உலகத்தின் புகழ்பெற்ற பேஸ் கிட்டார்களைப் பார்த்தாலே இது விளங்கும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ், 1964-இல் முழுக்கச் சாயம் மாற்றப்பட்டது. அதன் இரண்டு பிக்கப்புகளும் ஒரே மரச்சட்டத்துக்குள் பொருத்தப்பட்டன. சந்தைக் கணக்கில் இரண்டுமே கெடுதல். அந்தக் கிட்டார் 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோய், அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்துவிட்டதாக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டபோது உலகச் செய்தியானது. சாயம் மாறியதே என்று யாரும் வருத்தப்படவில்லை.

அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் செய்தது இன்னும் முரட்டுத்தனம். அவருடைய 1962 ஜாஸ் பேஸின் கழுத்தில் ஃபிரெட் கம்பிகள் இல்லை. அவை இருந்த பள்ளங்களை அடைத்து, மேலே படகுகளுக்குப் பூசும் எபாக்சியைப் பூசியிருந்தார். கம்பி போனதால் வயலினில் வருகிற வழுக்கல் பேஸ் கிட்டாரில் வந்தது. 1976-இல் வெளியான அவருடைய முதல் இசைத்தட்டு பேஸ் வாசிப்பின் போக்கையே திருப்பியது. 1986-இல் நியூயார்க்கில் தொலைந்த அந்தக் கருவி ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து வெளிப்பட்டு, மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ உதவியால் குடும்பத்தின் உரிமைக்குத் திரும்பியது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனோ, தந்தியை மாற்றவே விரும்பாதவர். பிரிட்ஜ் அருகே ஒரு துண்டு ஸ்பாஞ்ச்; வலது கையில் ஒரே ஓர் ஆள்காட்டி விரல். அழுக்கேறிய அந்தப் பழைய தந்தியில்தான் 1960-களின் அமெரிக்கா ஆடியது.

இதெல்லாம் தமிழனுக்குப் புதிய செய்தியும் அல்ல. பழைய மிருதங்கக் கட்டையை வைத்திருப்பவரிடம் “செகண்ட் ஹேண்டா?” என்று எந்த வித்வானும் கேட்க மாட்டார். வலந்தலை போகும், தொப்பி போகும், வார் மாறும். நல்ல பலாக்கட்டை மட்டும் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் செய்யும் ஆசாரிமார், இடிக்கப்படும் பழைய வீடுகளில் கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடிப் போவார்கள். பச்சை மரம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். வீட்டு மரமாக இருந்து வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பார்த்த மரம் அசையாது. கருவியை மாற்றி அமைப்பதும் அதே ஊருக்குப் பழக்கம்தான். டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக அங்கே ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த பாரி நாகஸ்வரத்தில் சுத்த மத்தியமம் சரியாக நின்றது. இன்று கோயில்களில் கேட்கும் நாகஸ்வர நாதம் ஒரு ‘மாடிஃபிகேஷனின்’ விளைவு என்றால் தவறில்லை.

பேஸ் கிட்டாரைத் தமிழ்க் காதுக்குப் பழக்கியவருக்கும் திருவண்ணாமலைக்கும் தொடர்பு உண்டு. ரமணரின் பக்தரான இளையராஜா இங்கே அடிக்கடி வருகிறவர். ‘ரமண மாலை’ அவர் அளித்த பாமாலை. 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த அவர், பேஸ் கிட்டாரை வெறும் தாளத் துணையாக விடவில்லை. பாடகரின் மெட்டுக்கு எதிர்மெட்டாக ஒவ்வொரு சுரத்தையும் எழுதிக் கொடுக்க, சசிதரன் வாசித்தார். ‘மூடுபனி’யில் (1980) பிரதாப் போத்தன் கிட்டாரோடு பாடும் பாட்டை நல்ல ஹெட்போனில், கீழ்ஸ்தாயியை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டால், அடியில் இன்னொரு பாட்டு ஓடுவது தெரியும். பிறகு ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். செல்போன் ஸ்பீக்கரில் இதெல்லாம் விழாது. பேஸின் தடித்த தந்தி விநாடிக்கு 41 அதிர்வில் ஒலிக்கிறது. அந்த அதிர்வை எழுப்ப சின்ன ஸ்பீக்கருக்குத் திராணியில்லை.

பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட 1991-க்கு முன்பு நம் ஊரில் வெளிநாட்டுக் கருவி கைக்கு வருவது குதிரைக்கொம்பு. கல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிட்டார்களே பலருக்குக் கதி. ஆகவே நம் பக்கத்தில் பழைய பேஸ் என்று வருவது பெரும்பாலும் அமெரிக்கப் பொக்கிஷமாக இருக்காது. 1970, 80-களின் ஜப்பான் கருவி ஒன்று எங்கிருந்தாவது வந்திருக்கலாம். அமெரிக்க மாடல்களை ஐபனீஸ், கிரெகோ, டோக்காய் போன்ற ஜப்பான் பெயர்கள் அச்சுஅசலாக நகலெடுத்த காலம் அது. அமெரிக்காவின் கிப்சன் கிட்டாருடைய தாய் நிறுவனம் 1977-இல் வழக்கே போட்டது. மார்கழி, தை மாதங்களில் ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கம் கிட்டார் பையோடு நடக்கும் வெளிநாட்டவரைப் பார்க்கலாம். திரும்பிப் போகும்போது சுமையைக் குறைக்க நினைப்பவரிடமும் கருவி கிடைக்கக்கூடும்.

பழசு என்ற ஒரே காரணத்துக்காக நாதம் கூடிவிடும் என்று எவராவது சொன்னால் நம்பத் தேவையில்லை. மின்சாரக் கிட்டாரின் ஒலியில் தந்திக்கும் பிக்கப்புக்கும் வாசிப்பவரின் விரலுக்கும்தான் பெரும்பங்கு. தேய்மானத்துக்கும் ஒரு வியாபாரம் உண்டு: 1995 முதல் ஃபெண்டர் நிறுவனமே புதுக் கிட்டாரைத் தேய்த்து, கீறி, ‘ரெலிக்’ என்று பெயரிட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறது. கீறலுக்குக் காசு கொடுப்பது, பளபளப்புக்குக் காசு கொடுப்பதைவிடப் பெரிய ஏமாற்றம். பழைய கருவியின் உண்மையான பலம் வேறு. சித்திரை வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் பல முறை கண்ட கழுத்து, வளைய வேண்டியதை வளைந்து முடித்திருக்கும். அதன் குணம் வாங்கும்போதே தெரிந்துவிடும். புதுக் கழுத்தின் குணம் அடுத்த மழைக்காலத்தில்தான் தெரியும்.

அந்தக் குணத்தைப் பார்க்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். தச்சர் பலகையை நேர் பார்ப்பதுபோல, தலைப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து ஒற்றைக் கண்ணால் கழுத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். மெல்லிய குழிவு இருக்கலாம். முறுக்கு இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் தந்தியை அழுத்தினால் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி போதும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் நட்டு திரும்புகிறதா என்பது அடுத்த கேள்வி. அது இறுகிச் செத்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் மெதுவாக வாசித்தால், தேய்ந்த கம்பி ‘ஜிர்’ரென்று காட்டிக்கொடுக்கும்.

மாற்றங்களையும் தரம் பிரிக்க வேண்டும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பயமில்லை. குமிழுக்கு அடியில் உள்ள பாட் அழுக்கேறியிருக்கிறது, அவ்வளவே. 250 கே பாட், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக் சாக்கெட்: பேஸ் கிட்டாரின் வயிற்றுக்குள் பொதுவாக இதற்கு மேல் ஒன்றும் இல்லை. மைக்செட் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்ப்பவர் ஈயம் வைத்துச் சரிசெய்துவிடுவார். ரேடியோ ரிப்பேர்காரர் வடிவமைத்த கருவிக்கு இவரே பொருத்தமான வைத்தியர். பிக்கப் மாற்றியது, பிரிட்ஜ் மாற்றியது, சாயம் அடித்தது ஆகியவற்றை விலை பேசும்போது சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம். கழுத்து பொருந்தும் குழியைக் கண்டபடி செதுக்கியிருந்தாலோ, தலைப்பக்கம் உடைந்து ஒட்டியிருந்தாலோ பேரமே வேண்டாம். கழற்றிய பழைய பாகங்கள் டப்பாவில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது; என்றாவது விற்கும்போது விலை சொல்லும்.

வாங்கிய பிறகு கிடைக்கும் சுகத்தைப் பளபளப்பான கருவி தராது. கழுத்தின் பின்புறம் வார்னிஷ் தேய்ந்து மரம் வழவழப்பாகியிருக்கும். உள்ளங்கை வேர்த்தாலும் ஒட்டாது. ஓரங்கள் மழுங்கியிருக்கும், மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் பிறகும் கட்டைவிரல் நோகாது. எல்லாவற்றையும்விட முதல் கீறல் விழுமே என்ற பயம் இல்லை. டாடா ஏஸ் வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே அது பயணம் போகும். மேடையில் விபூதியும் குங்குமமும் படும். தூறல் விழுந்தால் துண்டால் துடைத்துவிட்டு வாசிப்பைத் தொடரலாம். சுமார் நான்கு கிலோ எடையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிய விடிய நிற்பவருக்கு இதெல்லாம் சின்ன விஷயமல்ல.

இதில் ஒரு சிக்கலை மட்டும் வாங்குபவரால் தனியாகத் தீர்க்க முடியாது. மின்வேலைக்கு உள்ளூரில் ஆள் உண்டு. ஃபிரெட் கம்பியைப் பிடுங்கிப் புதிது அடிக்க, கழுத்தைச் சீர்செய்ய, சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாகஸ்வரமும் தவிலும் மிருதங்கமும் வயலினும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கேயே கருவி பழுதுபார்ப்பையும் ஒரு சான்றிதழ்ப் படிப்பாகச் சேர்த்து, மிருதங்கத்துக்கு மூட்டு அடிப்பவரையும் வீணைக்கு மேளம் கட்டுபவரையும் கிட்டார் கழுத்து பார்ப்பவரையும் ஆசிரியர்களாக அழைக்கலாம். பெரிய செலவில்லை: ஒரு பட்டறை, சில அரங்கள், நல்ல வெளிச்சம், மாதச் சம்பளம். கலை பண்பாட்டுத் துறை இதை வரும் கல்வியாண்டிலேயே ஓரிரு மாவட்டங்களில் தொடங்கிப் பார்க்க வேண்டும்.