குவியற்சரக்கும் தனிப்பயிற்சியும்

நெற்குதிரின் அடிவாயைத் திறந்தவுடன் நெல் தானே பொழிகின்றது. அதே குதிரில் ஈரமான தவிட்டை நிரப்பி வைத்தால், வாயைத் திறந்த பின்னும் ஒரு பிடி கூட விழாமல் நிற்பதுண்டு. உள்ளே தவிடு வளைவாகக் கட்டிக்கொண்டு, தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்பதே இதற்குக் காரணம். வீட்டில் ஒரு கோலால் குத்தி இதனைச் சரிசெய்துவிடலாம். நூற்றுக்கணக்கான டன் நிலக்கரி நிறைந்த எஃகுத் தொட்டியில் இவ்வாறு நேருமாயின் மின்நிலையத்தின் கொதிகலனுக்கு எரிபொருள் செல்லாது. கோலும் கையுமாக உள்ளே இறங்கும் தொழிலாளி, திடீரெனச் சரியும் சரக்கினுள் புதையுண்டு மாளவும் கூடும்.

நிலக்கரி, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல், சிமெண்ட், தானியம், உரம் ஆகியவை மூட்டையிலோ பெட்டியிலோ அடைபடாமல் குவியலாகவே ஏற்றி இறக்கப்படும்போது அவற்றைக் குவியற்சரக்கு எனலாம். அவற்றைச் சுமந்து செல்லும் பெல்ட் கன்வேயர், சேமித்து வைக்கும் சைலோ, கீழே குறுகி வெளியே விடும் ஹாப்பர், அளவாக ஊட்டும் ஃபீடர் ஆகிய யாவும் ஒன்றோடொன்று பொருந்துமாறு வடிவமைப்பது தனியொரு பொறியியற் கலையாகும். பொறியியற் கல்லூரிகளின் பட்ட வகுப்பில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. ஆதலின் இத்துறையில் உள்ளவர்களுள் பலர், வேலையில் சேர்ந்த பின்னர்த் தாமே படித்துத் தேறியவர்களே ஆவர்.

பெங்களூரு நகரம் விமானத் தொழிலுக்கும் இயந்திரக் கருவிகளுக்கும் பெயர் பெற்றது. எனினும் கர்நாடகத்தின் பெல்லாரி, சித்ரதுர்கா மாவட்டங்களின் இரும்புத்தாதும், மாநிலத்தின் சிமெண்ட் ஆலைகளும், மங்களூருத் துறைமுகமும் இக்கலையை வேண்டி நிற்பவை. பீனியா தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் ஹாப்பருக்கும் கன்வேயருக்கும் வரைபடம் வரையும் இளைஞர்களில் தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக்குகளில் டிப்ளமா பெற்று வந்தவர்களும் உளர். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று வாழும் அத்தகைய இளைஞர் ஒருவருக்கு இன்று எந்நூல்கள் துணை நிற்கின்றன, எத்துணை கிட்டவில்லை என்பது ஆராயத்தக்கது.

நூல்களுக்குக் குறைவில்லை என்பதை முதலிற் கூறிவிட வேண்டும். முன்னாளில் பெரிய நிறுவனங்களின் நூலகங்களில் மட்டும் இருந்தவை இன்று எவர்க்கும் கிட்டுகின்றன. போலந்து நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜெனிகே என்னும் பொறியியலறிஞர், உட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்தி 1961ஆம் ஆண்டிலும் 1964ஆம் ஆண்டிலும் வெளியிட்ட இரு அறிக்கைகளே இக்கலையின் அடிப்படை. இரண்டாவதான 123ஆம் எண் அறிக்கையை அமெரிக்க எரிசக்தித் துறையின் இணைய நூலகத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் தரக்குறிப்புகளிற் பெரும்பாலானவற்றை இலவசமாகவே தருகின்றது. எஃகுத் தொட்டிகளுக்கான 9178ஆம் எண் தரக்குறிப்பு மூன்று பகுதிகளாக 1979, 1980ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. பெல்ட் கன்வேயரைத் தேர்ந்து வடிவமைக்கும் முறையை 11592ஆம் எண் தரக்குறிப்பு விளக்குகின்றது. ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் விரிவுரைகளை வீட்டிலிருந்தே கேட்கலாம். இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வேதிப் பொறியியற் பேராசிரியர்களான கேசவ ராவும் பிரபு நாட்டும் எழுதிய துகட்பாய்ச்சல் பற்றிய அறிமுக நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2008இல் வெளியிட்டது. உலகெங்கும் மாணவர் பயிலும் அந்நூல், பீனியாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே எழுதப்பட்டது.

இத்தனை இருந்தும் தனியே பயில்பவர் இடறி விழுகின்றார். நூல் கிட்டாமை அதற்குக் காரணமன்று. இயந்திரத்திலிருந்து படிப்பைத் தொடங்குவதே காரணமாகும். பெல்ட்டின் அகலம், ரோலரின் விட்டம், மோட்டாரின் ஆற்றல் ஆகியவற்றுக்கான அட்டவணைகள் எளிதிற் கிடைப்பதால் அவற்றையே முதலில் மனப்பாடம் செய்கின்றார். சரக்கு யாது, அதன் இயல்பு யாது என்ற கேள்வி இறுதியில் வருகின்றது. சில சமயம் வருவதேயில்லை.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். பெல்ட்டின் மேல் குவியும் சரக்கின் குறுக்குப் பரப்பு 0.1 சதுர மீட்டர் என்றும், வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்றும் கொள்க. வினாடிக்கு 0.2 கன மீட்டர் சரக்குச் செல்லும். ஒரு கன மீட்டர் நிலக்கரிக் குவியலின் எடை ஏறத்தாழ 0.8 டன், ஆகவே மணிக்கு 576 டன் நகரும். அதே பெல்ட்டில் கன மீட்டருக்கு 2.4 டன் எடையுள்ள இரும்புத்தாதை ஏற்றினால் மணிக்கு 1,728 டன் ஆகிவிடும். சரக்கை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற மட்டும் முன்னதற்கு 47 கிலோவாட் ஆற்றல் போதும். பின்னதற்கு 141 கிலோவாட் வேண்டும். உராய்வுக்கான ஆற்றல் வேறு. பெல்ட் ஒன்றே, வேகமும் ஒன்றே. சரக்கு மாறியவுடன் மோட்டாரும் தாங்கும் சட்டமும் மாறியாக வேண்டும்.

ஹாப்பரைப் பொறுத்தவரை பிழை இன்னும் நுண்ணியது. சரக்கைத் தரையிற் கொட்டினால் உண்டாகும் குவியலின் சரிவுக் கோணத்தை அளந்து, அதனைவிடச் சற்றுச் செங்குத்தாக ஹாப்பரின் சுவரை அமைத்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். ஜெனிகேயின் ஆய்வு இதனை மறுத்தது. சரக்கு சுவரோடு கொள்ளும் உராய்வு எவ்வளவு, மேலுள்ள பாரத்தால் அழுந்தியபின் அது எவ்வளவு உறுதியாகக் கட்டிக்கொள்கிறது என்னும் இரண்டையும் அளந்தாலன்றி, சுவரின் சரிவையும் வாயின் அகலத்தையும் தீர்மானிக்க இயலாது. இவற்றைத் தரையிலுள்ள குவியல் காட்டாது. மேலும் இவ்வளவுகள் நிலையானவையும் அல்ல. சித்திரை வெயிலில் காய்ந்த மாதிரியை அளந்து வடிவமைத்த ஹாப்பர், ஆடி மழையில் நனைந்த தாதுத்தூளை மங்களூருக் கடற்கரையில் ஏற்கும்போது அடைத்துக்கொள்ளும். ஆண்டில் மிக மோசமான நாளின் சரக்கையே அளத்தல் வேண்டும்.

தனியே பயில்பவர்க்கு இன்று உண்மையில் இல்லாதவை இரண்டு. ஒன்று, சரக்கைத் தொட்டு அளக்கும் வாய்ப்பு. மற்றொன்று, அவர் போட்ட கணக்கைப் பார்த்துத் தவறு இவ்விடத்தில் என்று சுட்டிக்காட்டும் ஆசான். இவ்விரண்டையும் நூலோ விரிவுரையோ தர இயலாது. துகள்களின் ஓட்டத்தைக் கணினித் திரையில் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன என்று சிலர் கூறுவர். அம்மென்பொருளும் உராய்வின் அளவை முதலிற் கேட்கின்றது. ஊகித்த எண்ணை அதற்கு ஊட்டினால், அழகிய படத்தோடு தவறான விடையே கிட்டும்.

முதற்குறையில் ஒரு பகுதியைப் பயில்பவர் தாமே நீக்கிக்கொள்ளலாம். கொள்ளளவு தெரிந்த தகரப் பாத்திரமும் தராசும் இருந்தால் சரக்கின் குவியல் எடையை அளந்துவிடலாம். எஃகுத் தகட்டின்மேல் சரக்கை வைத்து, அது வழுக்கும் வரை தகட்டைச் சாய்த்தால் சுவர் உராய்வின் தோராய மதிப்புத் தெரியும். ஜெர்மானியப் பொறியியலாளர் ஜான்சன் 1895இல் விளக்கிய உண்மையைச் சமையலறையிலேயே காணலாம். இரு புறமும் திறந்த குழாயொன்றைத் தராசின் தட்டில் தொட்டும் தொடாமலும் நிற்குமாறு தனியே பிடித்து நிறுத்தி, மேலிருந்து அரிசியைச் சிறிது சிறிதாகக் கொட்ட வேண்டும். தொடக்கத்தில் தராசின் எண் ஏறும். குழாயின் விட்டத்தைப்போற் சில மடங்கு உயரம் நிரம்பிய பின்னர், எவ்வளவு கொட்டினும் எண் அதிகமாக ஏறாது. எஞ்சிய பாரத்தைக் குழாயின் சுவர் உராய்வினால் தாங்கிக்கொள்கின்றது. தண்ணீரில் இவ்வாறு நிகழ்வதில்லை. சைலோவின் சுவரைத் தண்ணீர்த் தொட்டியின் சுவராக எண்ணிக் கணக்கிடலாகாது என்பதை நூறு பக்கங்களைவிட இச்சோதனை நன்கு உணர்த்தும். அதன் பின்னரே ஜெனிகேயின் அறிக்கையையும், தொட்டிகளுக்கான தரக்குறிப்பையும், இறுதியாகக் கன்வேயர் பற்றிய தரக்குறிப்பையும் படிப்பது முறையாகும்.

எஞ்சிய குறையை நிறுவனங்களே நீக்க வேண்டும். சரக்கின் உறுதியை அளக்கும் கருவியைச் சிறு பட்டறையோ, மாதச் சம்பளம் பெறும் இளைஞரோ வாங்க இயலாது. இந்திய விஞ்ஞானக் கழகம் ஆண்டுதோறும் ஒருநாள் தன் வாயிலைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கின்றது. அன்று மாணவரும் பெற்றோரும் திரள்திரளாக வருகின்றனர். அதே மனப்பான்மையுடன் நகரின் பொறியியற் கல்லூரிகள் மாதம் ஒருநாள் குறைந்த கட்டணத்தில் சரக்கு மாதிரிகளை அளந்து கொடுத்து, அளவையைக் கணக்கில் ஏற்றும் முறையையும் உடனிருந்து காட்டலாம். ஒரு கருவியும் ஓர் ஆசிரியரும் இதற்குப் போதும்.

இதனினும் பயனுள்ளது மற்றொன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் குதிரேமுகச் சுரங்கத்தை நடத்த 1976இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூருவிலேயே உள்ளது. அங்கே வெட்டியெடுத்த தாதைச் செறிவூட்டி, நீரோடு கலந்து குழம்பாக்கி, ஏறத்தாழ 67 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே மங்களூருவுக்கு அனுப்பினர். குழம்பின் வேகம் குறைந்தால் தாது குழாயின் அடியிற் படிந்துவிடும். மிகுந்தால் குழாயின் சுவரை அரித்துவிடும். காடும் பத்திரை ஆறும் காக்கப்பட வேண்டும் என்று எழுந்த வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 2005ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்கவேலை நின்றது. அத்தீர்ப்பின் நியாயம் வேறு பொருள். ஆயினும் ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் மலைமழையில் இயங்கிய ஓர் அமைப்பின் வடிவமைப்புக் கணக்குகளும், பழுதுக் குறிப்புகளும், பின்னர்ச் செய்த மாற்றங்களும் ஒருங்கு தொகுக்கப்பட்டு வெளிவருமாயின், அதற்கு ஈடான பாடநூல் இந்நாட்டில் வேறு இராது. தொழில் இரகசியம் என்னும் தடை, இயங்கும் ஆலைக்குப் பொருந்தலாம். நின்றுபோன சுரங்கத்துக்கு அது வலுவான வாதமாகாது. பொதுப்பணத்தில் பெற்ற அனுபவம் பொதுமக்களுக்கே உரியது.

அரைகுறையாகக் கற்றவர் கையில் ஆபத்தான வேலையை ஒப்படைக்கலாமா என்று ஐயுறுவோரும் உளர். ஐயம் நியாயமானதே. தனியே படித்தவர் போட்ட கணக்கில், அனுபவமுள்ள பொறியியலாளர் ஒருவர் சரிபார்த்து ஒப்பமிட்டாலன்றி எத்தொட்டியும் எழும்பலாகாது. ஆனால் தனிப்பயிற்சிக்கு வழிசெய்யாமல் விடுவதால் இவ்வேலை நின்றுவிடப் போவதில்லை. பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதி, சரக்கின் பெயரை மட்டும் மாற்றிப் புதிய தொட்டி எழுப்பும் வழக்கம் அப்போது மேலும் வளரும். கல்லாமையே அதிக ஆபத்தானது.

ஹாப்பர் அடைத்துக்கொள்ளும்போது அதன் பயனை அனுபவிப்பவர் வரைபலகையின் முன் அமர்ந்தவர் அல்லர். சம்மட்டியால் அதன் சுவரைத் தட்டிக் கொண்டிருக்கும் கூலித் தொழிலாளியே. பல ஆலைகளில் ஹாப்பரின் வெளிப்புறம் முழுவதும் சம்மட்டி அடிபட்ட பள்ளங்களைக் காணலாம். அப்பள்ளம் ஒவ்வொன்றும், சரக்கை அளவாமல் வரைந்த வரைபடத்தைப் பற்றிய குறிப்புரையேயாகும். இரவில் விழித்துப் படிக்கும் இளைஞரின் கையில் நூல்கள் சேர்ந்துவிட்டன. அளக்கும் கருவியையும், திருத்தும் ஆசானையும், மூத்தோரின் பழுதுக் குறிப்புகளையும் அவருக்கு எட்டச் செய்வது இனி நிறுவனங்களின் கடமை.