மாத்திரை எழுதிய கைக்குப் பொறுப்பு உண்டு

தீவிர மனநோயோடு வாழ்பவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் கணக்கு இது. தற்கொலைதான் காரணம் என்று நினைப்பவர்கள் பலர். தற்கொலைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் பெரும்பாலானவர்களைக் கொண்டுபோவது மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, நுரையீரல் நோய், தொற்றுகள் போன்றவை. இவற்றில் பலவற்றை முன்கூட்டியே கண்டறியலாம். பலவற்றைத் தடுக்கவும் செய்யலாம். மாதந்தோறும் தவறாமல் மருத்துவரிடம் வந்து மாத்திரை வாங்கிச் சென்ற மனிதர், அந்த மருத்துவரின் கண்ணெதிரிலேயே உடல் பருத்து, மூச்சு வாங்கி, சர்க்கரை ஏறி, ஐம்பது வயதுகூட ஆகாமல் மாரடைப்பில் போய்விடுகிறார். இதை விதி என்று சொல்லி நகர முடியாது. இது மருத்துவத் துறையின் தவறு. அதில் முதல் பொறுப்பு மனநல மருத்துவர்களுடையது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். நாடு வெட்கித் தலைகுனிந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எல்லா மருத்துவ சேவைகளிலும் மனநோயாளிகளை உடல்நோயாளிகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று தன் 21ஆம் பிரிவில் உரிமையாகவே எழுதிவைத்தது. ஆனாலும், சங்கிலியால் நேர்ந்த சாவுக்கு வெட்கப்பட்ட நாம், யாரும் அளந்து பார்க்காத இரத்த அழுத்தத்தால் நேரும் சாவுக்கு வெட்கப்படுவதில்லை. அது வீட்டுக்குள் ஒவ்வொருவராக நிகழ்கிறது. எந்தப் பத்திரிகையிலும் செய்தியாவதில்லை.

உடலையும் மனத்தையும் பிரித்துப் பார்ப்பது மனநல மருத்துவத்தின் மரபும் அன்று. ஒரு காலத்தில் ஐரோப்பிய மனநலக் காப்பகங்களை நிரப்பிய ‘பொதுப் பக்கவாதம்’ என்ற பைத்தியநிலை, மேகநோய்க் கிருமி மூளையைத் தாக்கியதால் வந்தது. 1913இல் இறந்தவர்களின் மூளைத் திசுவிலேயே அந்தக் கிருமியைக் காட்டினார்கள். அந்த நோய்க்கு மலேரியாக் காய்ச்சலை ஏற்றிச் சிகிச்சை செய்த வாக்னர்-யாவ்ரெக் 1927இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஒரு மனநல மருத்துவர். தைராய்டு குறைந்ததால் வந்த மனப்பிறழ்வை 1949இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் விளக்கினார். 2007இல் ஜோசப் டால்மாவ் குழுவினர், நோய் எதிர்ப்பு ஆற்றல் மூளையையே தாக்கும் ஒருவகை அழற்சியை அடையாளம் கண்டார்கள். வெறும் மனப்பிறழ்வாகத் தோன்றிய அந்த நோயிலிருந்து, உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்த பல இளம்பெண்கள் மீண்டார்கள். காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் மாத்திரையே சிலருக்கு மனப்பிறழ்வை வரவழைக்கும். உடலைப் பரிசோதிக்காமல் மனநோய் என்று முடிவு செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் துறையின் சொந்த வரலாறே சொல்கிறது.

அதே வரலாறு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், பித்து நிலையை லித்தியம் தணிக்கிறது என்று கண்டறிந்தார். அவர் குணப்படுத்திக் காட்டிய முதல் நோயாளியே அடுத்த ஆண்டு லித்திய நஞ்சால் இறந்தார். பிறகு அந்த மருந்து மாறவில்லை. இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் வழக்கம் வந்தது. இன்றும் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்களை அது நிமிர்த்தி வைத்திருக்கிறது. மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் மருந்தின் கதையும் அதுதான். 1975இல் ஃபின்லாந்தில் அந்த மாத்திரை எடுத்த சிலருக்கு வெள்ளை அணுக்கள் சரிந்து மரணம் நேர்ந்தது. பல நாடுகளில் மருந்து முடக்கப்பட்டது. 1989இல் அமெரிக்கா அதை அனுமதித்தபோது, இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. அன்று முதல், வேறு எந்த மருந்துக்கும் மசியாத மனச்சிதைவு நோயாளிகளுக்கு அதுவே கடைசி நம்பிக்கை.

இன்று குளோசபின் தொடங்கும் எந்தப் பொறுப்புள்ள மருத்துவரும் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்க்காமல் அடுத்த சீட்டு எழுத மாட்டார். நேரமில்லை என்று சொல்ல மாட்டார். ஓ.பி.யில் கூட்டம் என்று காரணம் காட்ட மாட்டார். ஆனால் அதே நோயாளியின் எடை? இடுப்பளவு? வெறும் வயிற்றுச் சர்க்கரை? கொழுப்பு? மலம் கழிந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கேள்வி? குளோசபின் எடுப்பவர்களுக்குக் குடல் அசைவு குன்றி, மலச்சிக்கல் முற்றி, உயிரே போனதுண்டு. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020இல் இதற்கென எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வெள்ளை அணுவைப் பார்க்கும் ஒழுக்கம் வந்தது, அதைக் கட்டாயம் என்று சொன்னதால். குடலையும் சர்க்கரையையும் பார்க்கும் ஒழுக்கம் வராதது, யாரும் கேட்காததால். இயலாமை என்ற வாதம் இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது.

என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமும் இல்லை. எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடிய ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகளைத் தொடங்கும் முன் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். 4, 8, 12ஆம் வாரங்களில் எடை பார்க்க வேண்டும். 12ஆம் வாரத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மறுபடி பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2004இலேயே வகுத்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2018இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. நம்மவர்களுக்கு இடுப்பளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினாலே ஆபத்து என்பதையும் மருத்துவர்கள் அறிவார்கள். சிகரெட் பிடிக்கும் நோயாளி அதை விட்டால் குளோசபின் அளவு இரத்தத்தில் ஏறும், மாத்திரையைக் குறைக்க வேண்டிவரும் என்பதும் பாடநூலில் இருப்பதுதான். தெரிந்திருந்தும் செய்யாமல் விடுவதற்குப் பெயர் புறக்கணிப்பு. ஒரு மருந்தை எழுதியவர், அந்த மருந்து அந்த உடலுக்குள் போய்ச் செய்யும் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர். ‘அது பொது மருத்துவர் பார்க்க வேண்டியது’ என்று கைகழுவும் உரிமை அவருக்கு இல்லை.

இதைப் படிக்கும் நோயாளிகளும் குடும்பத்தாரும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஃபின்லாந்தில் மனச்சிதைவு நோயாளிகள் 60,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், மாத்திரை எடுத்தவர்களைவிட எடுக்காதவர்களே அதிகம் இறந்தார்கள் என்று காட்டின. மிகக் குறைந்த இறப்பு குளோசபின் எடுத்தவர்களிடம்தான். மருந்து உயிர் காக்கிறது. காத்த உயிரைச் சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் பறிகொடுக்கக் கூடாது என்பதே நம் வாதம்.

மனநல மருத்துவர்கள் சொல்லும் நியாயங்களைக் கேட்காமல் தீர்ப்பு சொல்வது முறையல்ல. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கின்றன. இது உண்மை, அரசு வெட்கப்பட வேண்டிய உண்மை. ஆனால் எடை பார்க்க மனநல மருத்துவர் தேவையில்லை. வாசலில் ஒரு எடை மெஷினும், ஒரு பி.பி. கருவியும், ஒரு இன்ச் டேப்பும், ஒரு செவிலியரும் போதும். மருத்துவரின் வேலை, குறித்துவந்த எண்ணைப் படித்துவிட்டு அதன்மேல் ஏதாவது செய்வது. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கலாம், பொது மருத்துவருக்குக் கடிதம் எழுதலாம். அந்த ஒரு நிமிடத்தையும் மறுப்பவரைக் கூட்டம் காப்பாற்றாது.

மற்றத் துறை மருத்துவர்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகளே. மனநோய்ச் சீட்டோடு வரும் ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்றால் ‘இது சைக்யாட்ரி கேஸ்’ என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இங்கே புதிதல்ல. வலி உண்மையாக இருக்கலாம் என்ற எண்ணமே அந்தச் சீட்டைப் பார்த்ததும் போய்விடுகிறது. மாரடைப்பு வந்தவருக்கு மனச்சோர்வும் சேர்ந்தால் அடுத்த ஆறு மாதத்தில் இறக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும் என்று நான்சி ஃப்ரஷூர்-ஸ்மித் குழுவினர் 1993இல் மாண்ட்ரியாலில் காட்டினார்கள். அதற்குப் பிறகும், மனச்சோர்வைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் இதய நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

இணைத்துப் பார்த்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்றைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு நகரங்களின் நீரிழிவு மருத்துவ மையங்களில் மனச்சோர்வும் கட்டுப்படாத நீரிழிவும் சேர்ந்திருந்த 404 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மனநல மருத்துவரும் நீரிழிவு மருத்துவரும் அவர்களுடன் அமர்ந்து ஒவ்வொருவர் நிலையையும் ஆராய்ந்து ஆலோசனை சொன்னார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களிடம் மனச்சோர்வும் உடல் அளவீடுகளும் சேர்ந்தே மேம்பட்டன. மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாட்டுக்கு ஏற்ற வழி இதுதான். இதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடம் தொடர் மருத்துவக் கல்வி.

அந்தக் கல்வி இன்று என்ன நிலையில் இருக்கிறது? ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க நெறிமுறை சொல்கிறது. மணி நேரத்தைத்தான் கேட்கிறது. அதற்குப் பிறகு மருத்துவர் தன் ஓ.பி.யில் எதை மாற்றினார் என்று கேட்பதில்லை. நட்சத்திர ஹோட்டல் அரங்கம், வாசலில் மருந்து நிறுவனக் கடைகள், புதிய மாத்திரை பற்றிய உரை, மதிய உணவு, கையெழுத்து, சான்றிதழ் என்று முடிந்துபோகும் கூட்டங்கள் ஏராளம். நிறுவனங்கள் இத்தகைய நிகழ்ச்சிகளை வெளிநாட்டில் நடத்தக் கூடாது என்று மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நெறிமுறை தடுத்தது. உள்நாட்டில் நடத்த வழி விட்டது. ஒரு மாத்திரையால் எடை ஏறும், சர்க்கரை வரும் என்பதை, அந்த மாத்திரையை விற்பவர் செலவில் நடக்கும் கூட்டத்தில் எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியும்? விருந்து வைத்தவரின் மருந்தைப் பற்றிய கசப்பான உண்மை அந்த மேடையில் கடைசி ஸ்லைடில் ஓடிமறையும்.

ஆகவே நாம் கேட்பது இவை. மனநல மருத்துவர்களின் 30 மணி நேரத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு உடல்நலத்துக்கென்று கட்டாயமாக வேண்டும். அதைப் பொது மருத்துவரும் நீரிழிவு மருத்துவரும் இதய மருத்துவரும் நோயாளியை முன்வைத்துக் கற்பிக்க வேண்டும். அவர்களும் அதே அறையில் மனநலத்தைக் கற்றுப் போக வேண்டும். தொடர் கல்விக்கான மதிப்பெண் வெறும் கையெழுத்துக்குக் கிடைக்கக் கூடாது. மருத்துவர் தம் நோயாளிகளின் கோப்புகளில் சிலவற்றை எடுத்து, எத்தனையில் எடையும் சர்க்கரையும் பதிவாகியிருக்கின்றன, ஏறியிருந்த எண்ணுக்கு என்ன செய்தார் என்று கணக்கெடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். முன்னேற்றம் தெரிந்தால் மதிப்பெண். இந்தப் பாடத்துக்கு மருந்து நிறுவனத்தின் பணம் ஒரு ரூபாய்கூட வரக் கூடாது; மருத்துவ கவுன்சிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளும் செலவை ஏற்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஒவ்வொரு முகாமுக்கும் எடை மெஷினும் பி.பி. கருவியும் சர்க்கரை பார்க்கும் வசதியும் போக வேண்டும். சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை 2021 முதல் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், மனநோயாளி இருக்கும் வீட்டில் அவரையும் கேட்டு, அளந்து பார்த்துவிட்டு வர வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பெரும் பணமும் தேவையில்லை. மருத்துவக் கவுன்சில்கள் உத்தரவிடட்டும், மனநல மருத்துவச் சங்கங்கள் முன்னின்று நடத்தட்டும். உத்தரவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த ஓ.பி. நாளில் முதல் நோயாளியை எடை பார்க்கச் சொல்ல எந்த மருத்துவருக்கும் எவர் அனுமதியும் தேவையில்லை. அதைச் செய்யாதவர், சட்டம் கேள்வி கேட்காவிட்டாலும், தம் நோயாளிக்குக் கடமை தவறியவரே.