மனைவிக்குப் பாஸ்: தாள் சேர்ப்பது யார் பொறுப்பு?

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, வெயில் ஏறிய நேரத்தில், பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பால் மரம் வெட்டும் தோழர் ஒருவர் நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கல்யாணப் பத்திரிகை ஒன்று, நிழற்படங்கள் எட்டு, மனைவியின் பாஸ்போர்ட் நகல், மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட சம்பளச் சீட்டுகள். மனைவி புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஊரில் முறைப்படி தாலி கட்டி, விருந்து வைத்து, இங்கே அழைத்து வந்திருக்கிறார். அவளுக்கு நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ் கேட்டுக் குடிநுழைவு இலாகாவுக்கு மூன்று தடவை நடந்துவிட்டார். முதல் தடவை திருமணப் பதிவுத் தாள் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை அந்தத் தாளில் முத்திரை இல்லை என்றார்கள். மூன்றாம் தடவை பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்றார்கள். மூன்று நாள் கூலி போயிற்று. பஸ் செலவு வேறு.

"ஐயா, இருநூறு பேர் பார்க்கக் கட்டிய தாலி. ஒரு காயிதம் இல்லையென்றால் அது இல்லையென்று ஆகிவிடுமா?" என்று கேட்டார்.

சர்க்காரின் கணக்கில் ஆகிவிடும் என்பதே நாம் சொல்ல வேண்டியிருந்த பதில். சொல்வதற்கு நமக்கே வெட்கமாக இருந்தது. ஏனெனில், இந்தத் தோழர் மூன்று தடவை அலைவதற்கு முன்பே இவருக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

தாள் என்றால் நம் மக்களுக்கு ஒரு கசப்பு உண்டு. அது நேற்று வந்த கசப்பன்று. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது கங்காணியின் கையிலிருந்த பெயர்ப் பட்டியலே அவர்களுக்குப் பாஸ்போர்ட். யார் யாருக்கு மனைவி, யார் யாருக்குப் பிள்ளை என்று கங்காணி சொன்னால் சரி. 1938இல் இந்திய சர்க்கார் தோட்டக் கூலிகளை ஆள்பிடித்து அனுப்புவதைத் தடுத்தது. 1952இல் மலாயாவில் புதிய குடிநுழைவுச் சட்டம் இயற்றப்பட்டு, 1953 ஆகஸ்டு முதல் நடப்புக்கு வந்தது. 1959இல் அதைத் திருத்தி, இங்குள்ளவர்களின் மனைவி மக்கள் வருவதையும் இறுக்கினார்கள். 'ராஜுலா' கப்பலில் அடுத்த தடவை அழைத்துக்கொள்ளலாம் என்று மனைவியை ஊரிலே விட்டு வந்தவர்களில் எத்தனை பேர், அந்த அடுத்த தடவை வராமலே கிழவராகிப் போனார்கள்! 1969க்குப் பின் நடந்ததையும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடியுரிமைத் தாளை இன்று எடுக்கலாம், நாளை எடுக்கலாம் என்று விட்டவர்கள், வேலைப் பெர்மிட் கிடைக்காமல், பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டு ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். அவர்கள் மரம் வெட்டவில்லையா? பால் சுமக்கவில்லையா? தாள் மட்டும்தான் இல்லை.

ஆகவே, தாள் சேர்ப்பதை அற்ப விஷயம் என்று எவரும் நினைக்க வேண்டாம். அதே சமயம், அந்தப் பாரம் முழுவதையும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போகும் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிட்டுக் கிராணிமாரும் நிர்வாகமும் இலாகாவும் ஒதுங்கி நிற்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. எது தொழிலாளியின் கடமை, எது மற்றவர்களின் கடமை என்பதைப் பிரித்துப் பேச வேண்டிய நேரம் இது.

தொழிலாளியின் கடமை திருமணப் பதிவில் தொடங்குகிறது. கல்யாணப் பத்திரிகையும், மண்டப ரசீதும், மாலையும் கழுத்துமாக எடுத்த படமும் துணைச் சான்றுகளே. மூலச் சான்று பதிவுத் தாள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணமும் 1967இல் அங்கே செய்த சட்டத் திருத்தத்தால் செல்லுபடியாகும். அதற்கும் பதிவு உண்டு. போவதற்கு முன்பே இங்கே தேசியப் பதிவு இலாகாவில் 'இவர் மணமாகாதவர்' என்ற சான்றை வாங்கிக்கொண்டு போனால் அங்கே தடையிராது. திரும்புவதற்கு முன், பதிவுத் தாளில் இந்திய வெளியுறவு அமைச்சின் முத்திரையும், பிறகு மலேசியத் தூதரகத்தின் முத்திரையும் பெற வேண்டும். நம் தோழர் இரண்டாம் தடவை திருப்பி அனுப்பப்பட்டது இதனால்தான். சென்னையிலேயே மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஊரில் இருக்கும்போது ஒரு நாள் வேலையாக முடிந்திருக்கக் கூடியது, இங்கே வந்த பின் கூரியருக்கும் தரகருக்கும் பணம் அழும் காரியமாகிவிட்டது.

இதோடு முடியவில்லை. முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, வெளிநாட்டில் மணம் முடித்த மலேசியர் 6 மாதத்துக்குள் அந்நாட்டிலுள்ள நமது தூதரகத்தில் அதைப் பதிய வேண்டும். அதற்குள் நாடு திரும்பிவிட்டால், திரும்பிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இங்கே பதிய வேண்டும். "ஊரிலேதான் பதிந்தாயிற்றே, இங்கே எதற்கு இன்னொரு தடவை?" என்று கேட்பவர்கள் அநேகர். கேள்வி நியாயந்தான். ஆயினும் இந்த இரண்டாம் பதிவில்லாமல் அடுத்த கவுண்டருக்குப் போக வழியில்லை.

இனி அந்த எழுத்து வித்தியாசத்துக்கு வருவோம். நமது தொழிலாளர் குடும்பங்களில் பெயர்க் குழப்பம் இல்லாத வீடு உண்டா? தகப்பனாருக்கு முனியாண்டி என்று பெயர். அவருடைய பிறப்புப் பத்திரத்தில், அதாவது நம் மக்கள் 'சூராட் பிரானாக்' என்று சொல்லும் தாளில், அந்நாளையக் கிராணி தன் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் ஒரு விதமாக எழுதினார். அடையாளக் கார்டு எடுக்கையில் வேறொருவர் வேறு விதமாக எழுதினார். மகனுடைய பத்திரத்தில் மூன்றாவது விதம். இங்கே பெயருக்கு நடுவில் 'அனாக் லெலாகி' என்று சேர்ப்பார்கள்; தமிழ்நாட்டிலோ தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் வைப்பார்கள்; பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த முதலெழுத்து விரிந்து முழுப் பெயராகி வாலில் போய் நிற்கும். சிலருக்குக் கல்யாணத்துக்குப் பின் கணவன் பெயர் அந்த இடத்தில் ஏறிவிடும். முனியாண்டி ஒருவரே, தாளில் அவர் மூன்று பேராகிவிடுகிறார். கவுண்டரில் இருப்பவருக்கு முனியாண்டியைத் தெரியாது, எழுத்துத்தான் தெரியும்.

இதற்கு வழி உண்டு. பதிவாளர் முன் கையொப்பமிடுவதற்கு முன்னாலேயே பாஸ்போர்ட்டையும் அடையாளக் கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாய் ஒத்துப் பார்க்க வேண்டும். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள் படித்த பிள்ளை ஒன்றை உடன் அழைத்துப் போகலாம். ஏற்கெனவே மாறிப் போயிருந்தால், இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி, அதற்குரிய கமிஷனர் முன்னிலையில் கையொப்பமிட்டு இணைக்கலாம். செலவு பெரிதன்று. மூன்று நாள் கூலியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இதுவரை தொழிலாளியைப் பற்றிச் சொன்னோம். இனிக் கிராணிமாருக்கும் நிர்வாகத்துக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

மனுவோடு கணவனின் வருமானத்துக்குச் சான்று கேட்பது வழக்கம். மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பால் மரம் வெட்டுகிறவருக்கு? மழை பெய்தால் வெட்டில்லை. பெப்ருவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும்போது பால் வற்றிவிடும். அந்தப் பருவம் முடிந்து ஏப்ரலில் மனுச் செய்தால், கடைசி மூன்று மாதச் சீட்டுகள் அவரை ஆண்டிலேயே ஏழையாகக் காட்டும். 'இவ்வளவு குறைந்த வரும்படியில் மனைவியை எப்படிக் காப்பாய்?' என்ற கேள்வி எழும். இவ்விடத்தில் தோட்ட அலுவலகத்துக் கிராணி நினைத்தால் ஒரு கடிதத்தில் விஷயத்தை முடித்துவிடலாம். இன்ன ஆண்டு முதல் வேலையில் இருக்கிறார், சென்ற பன்னிரண்டு மாதத்தின் மொத்தச் சம்பளம் இவ்வளவு, சராசரி இவ்வளவு, பருவத்தால் ஏற்றத்தாழ்வு உண்டு. செக்ரோல் அவர் மேசையில்தான் இருக்கிறது. கணக்குப் போடக் கால் மணி நேரம் ஆகுமா?

வீட்டு விலாசத்துக்குச் சான்றும் இப்படித்தான். பட்டணத்தில் இருப்பவர் மின்சாரப் பில்லை நீட்டுவார். தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர் பெயரில் பில் ஏது? வீடு தோட்டத்தினுடையது, தண்ணீர் தோட்டத்தினுடையது. ஆகவே 'இந்த எண் வீட்டில் இவர் குடியிருக்கிறார், மனைவியும் உடன் குடியிருக்க ஆட்சேபமில்லை' என்று நிர்வாகி எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அந்தக் கடிதத்துக்கு இரண்டு வாரம் நடக்க வைக்கும் தோட்டங்கள் இருக்கின்றன. "இன்றைக்கு ஐயா இல்லை, நாளைக்கு வாப்பா" என்று சொல்லும் கிராணிமாரும் இருக்கிறார்கள். அவர்களும் நமது வாசகர்களே. ஆகையால் ஒளிக்காமல் எழுதுகிறோம். உங்களுக்குப் பேனா பிடிக்கக் கிடைத்தது, அவருக்குக் கத்தி பிடிக்கக் கிடைத்தது. உங்கள் தகப்பனாருக்காகவும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு கிராணி எழுதிக் கொடுத்திருப்பார். முகம் சுளிக்காமல் அன்றைக்கே எழுதிக் கொடுக்கும் கிராணிமாரையும் நாம் அறிவோம். அப்படிப்பட்ட தோட்டங்களிலிருந்து இந்த விஷயமாகப் புகார் வருவதில்லை.

இத்தனை தாளும் ஒரு பெண் லயத்தில் தங்குவதற்கு மட்டும்தானா என்று கேட்டால், அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. பிள்ளை. மலேசியத் தகப்பனுக்கும் அந்நிய நாட்டுத் தாய்க்கும் பிறந்த குழந்தை, பெற்றோரின் திருமணம் சட்டப்படி நிலைபெற்ற பின் இங்கே பிறந்தால், தகப்பன் வழியில் குடியுரிமை பெறும். திருமணம் சட்டக் கணக்கில் இல்லாதிருக்கையில் பிறந்தாலோ, அரசமைப்புச் சட்டத்தின்படி தகப்பனைப் பார்ப்பதில்லை, தாயைத்தான் பார்ப்பார்கள். பிறகு பதிந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது பெரும் பிசகு. பிள்ளை பிறந்த பின் மணம் முடித்த ஒரு மலேசியத் தகப்பனின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2021 மே மாதம், நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் தோற்றது. மூன்று நீதிபதிகள் பிள்ளையின் பக்கம் நின்றும் பயனில்லை. தாள் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சேர்வதில் தொல்லை, ஆஸ்பத்திரியில் அந்நியர் கட்டணம், 12 வயதில் அடையாளக் கார்டு இல்லை. நம் தோட்டப்புறங்களில் இப்படி வளர்ந்து ஆளான பிள்ளைகளை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். வளைகாப்பு நடத்தும் முன் பதிவுத் தாள் கையில் இருக்கிறதா என்று மாமியார்மார் கேட்க வேண்டும்.

இன்னுமொன்று. ஊர்விட்டு வந்த பெண்ணின் பாஸ் கணவனின் கையொப்பத்தில் தொங்குகிறது. மனுவுக்கும் அவன் வர வேண்டும், ஜாமீன் பத்திரத்திலும் அவன் ஒப்பமிட வேண்டும், புதுப்பிக்கவும் அவன் வேண்டும். நல்லவன் கையில் அது பாதுகாப்பு. குடித்துவிட்டு வந்து "கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்குப் போ" என்று மிரட்டுகிறவன் கையில் அதுவே சாட்டை. ஆதலால் எல்லாத் தாளிலும் ஒரு நகல் மனைவியிடம் இருக்க வேண்டும். அவளுடைய பாஸ்போர்ட் அவளிடமே இருக்க வேண்டும். பாஸ் கிடைத்தவுடன் அவளை வேலைக்கு அனுப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அதற்குத் தனி அனுமதி பெற வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. என்னென்ன தாள் வேண்டும் என்பதைத் தமிழிலும் அச்சிட்டு ஒரே பட்டியலாகக் கொடுங்கள். முதல் தடவை வருகிறவரிடமே குறைகள் எல்லாவற்றையும் ஒன்றாக எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாய்ச் சொல்லாதீர்கள். நாட்கூலி வாங்குகிறவனுக்குத் தடவை என்பது பசி. தோட்ட நிர்வாகங்களிடம் கேட்பது: இந்தக் காரியத்துக்காகப் போகும் ஒரு நாளைச் சம்பள நாளாகக் கொள்ளுங்கள். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் சங்கம் இதை வைக்க வேண்டும் என்பது நமது கருத்து.

அந்தப் பேராக் தோழரின் பிளாஸ்டிக் பையை மேசைமேல் கொட்டி, ஒட்டிக்கொண்ட சம்பளச் சீட்டுகளை நமது அலுவலகத்துத் தம்பி ஒருவர் பிரித்து மின்விசிறியின் கீழ் உலர்த்தினார். பெயருக்குச் சத்தியப் பிரமாணம் எழுதியாயிற்று. தோட்டத்துக் கிராணிக்கு நாமே தொலைபேசியில் பேசினோம். மறுநாளே கடிதம் கொடுத்துவிட்டார். வருகிற வியாழக்கிழமை நான்காம் தடவையாகக் கணவனும் மனைவியும் சேர்ந்து போகிறார்கள். அவளுக்கு இது ஆறாம் மாதம்.