பரிமாற்றம் என்ற பெயரில் ஒரு சுற்றுலா



நம் கண்முன்னே ஒரு சொல் தன் பொருளை இழந்துவிட்டது. 'ஹோம்ஸ்டே' என்னும் சொல்லைத்தான் குறிப்பிடுகிறேன். 1995ஆம் ஆண்டில் பகாங் மாநிலம் தெமெர்லோ வட்டாரத்து டேசா முர்னியில் நம் நாட்டு ஹோம்ஸ்டே திட்டம் தொடங்கப்பெற்றபோது அதன் பொருளில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. வருபவர் ஒரு கம்பத்துக் குடும்பத்தோடு தங்குவார். அவர்கள் உண்பதை உண்பார். அவர்களோடு தோட்டத்திற்குப் போவார். இன்றைக்கோ, திருமணத்திற்காக ஈப்போ செல்லும் நம் உறவினர்கள் "ஹோம்ஸ்டே எடுத்திருக்கிறோம்" என்கிறார்கள். சாவி வாசலில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். கட்டணம் வங்கிக் கணக்கிற்குப் போய்விடும். வீடு இருக்கிறது, வீட்டார் இல்லை!

இதே கதிதான் 'மாணவர் பரிமாற்றம்' என்ற சொல்லுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியுள்ளது. பொறுத்தருள்க.

நம் பள்ளிகள் சில நடத்தும் பரிமாற்றம் எத்தகையது? நாற்பது பிள்ளைகள் வானூர்தி ஏறுகிறார்கள். ஐந்து நாள் தங்குவது விடுதியில். ஒரு நாள் காலையில் அந்நாட்டுப் பள்ளி ஒன்றில் இரண்டு மணி நேரம். இங்கிருந்து ஒரு நடனம், அங்கிருந்து ஒரு பாட்டு, நினைவுப் பரிசு, பதாகையின் பின்னால் நின்று ஒரு படம். பிறகு பேருந்து நேராக இந்திய உணவகத்திற்குப் போகிறது. எதையும் கொடுக்கவுமில்லை, எதையும் வாங்கவுமில்லை. ஆயினும் திரும்பி வந்ததும் பன்னாட்டுப் பரிமாற்றம் என்று நற்சான்றிதழில் அச்சாகி, பிள்ளையின் புறப்பாடக் கோப்பில் ஏறிவிடுகிறது. சுற்றுலாவை நான் குறை கூறவில்லை. பிள்ளைகள் பனியைப் பார்க்கட்டும், மகிழட்டும். ஆனால் அதற்குச் சுற்றுலா என்றே பெயர் சூட்டுங்கள்.

பரிமாற்றம் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஏ.எஃப்.எஸ். என்று இன்று அறியப்படும் அமைப்பினர் முதலில் ஆசிரியர்களும் அல்லர், சுற்றுலா முகவர்களும் அல்லர். முதலாம், இரண்டாம் உலகப் போர்களில் காயமுற்றோரை ஏற்றிச்சென்ற மருத்துவ ஊர்தி ஓட்டுநர்கள். போர் முடிந்ததும் 1946இல் கூடி, பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்ப முடிவு செய்தார்கள். 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா சென்றனர். பிணங்களைப் பார்த்துத் திரும்பிய அந்த மனிதர்கள் மாநாடு கூட்டித் தீர்மானம் போட்டதோடு நின்றுவிடவில்லை. அயல்நாட்டுப் பிள்ளைக்குச் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி போடவேண்டும் என்றார்கள். அந்த நாற்காலிதான் பரிமாற்றம்.

அதில் அமர்வது எளிதன்று. ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு தங்கும் பிள்ளை, வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கும் முன் வெளியே அமர்ந்து உடலை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். ஏனெனில் அதே தொட்டி நீரில்தான் வீட்டார் ஒவ்வொருவராக இறங்குவார்கள். நம் பிள்ளை சோப்பு நுரையோடு உள்ளே குதித்தால் அன்றிரவு வீட்டார் அத்தனை பேருக்கும் இடைஞ்சல். குப்பையை வகைபிரித்து உரிய நாளில் வைக்க வேண்டும். ஜெர்மனியில் பல வீடுகளில் மாலை உணவு என்பது ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான், அடுப்பு மூட்டுவதில்லை. இரவில் சுடுசோறு உண்டு வளர்ந்த பிள்ளைக்கு முதல் வாரம் தொண்டை அடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அண்டை வீட்டாருக்குக் கேட்கும்படி ஓசை எழுப்பக்கூடாது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொள்ளும்.

இவற்றில் எதுவும் பாடநூலில் கிடைக்காது. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேரால் இதைச் செய்ய முடியும்? தட்டைக் கழுவத் தெரியாத பதினாறு வயது மகனைப் பற்றி, "அவனுக்குப் படிக்கவே நேரம் இல்லை, ஐயா" என்று பெருமையாகச் சொல்லும் தாய்மார்களை ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன். விருந்தாளியாகப் பத்து நாள் ஓட்டலாம். பத்து மாதம் விருந்தாளியாக இருப்பவன் அந்த வீட்டுக்குத் தண்டனை. அதனால்தான் இத்திட்டங்களில் வீட்டுப் பிள்ளை போலவே நடத்துகிறார்கள்: அவரவர் படுக்கையை அவரவரே விரிக்க வேண்டும், இரவு நேரக் கட்டுப்பாடு உண்டு, தவறினால் கண்டிப்பும் உண்டு.

உணவைப் பற்றிய அச்சம் உண்மையானது. அதை நகைக்க மாட்டேன். மாட்டிறைச்சி உண்ணாத பிள்ளையும், மரக்கறி மட்டுமே உண்ணும் பிள்ளையும் அயல் வீட்டில் இடர்ப்படுவது உறுதி. ஜப்பானில் காய்கறிக் குழம்பு போலத் தோன்றுவதும் பெரும்பாலும் மீன்சாற்றில் வெந்ததாகவே இருக்கும். ஆனால் அதற்கு வழி விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. உண்ணாதவற்றைத் தெளிவாக எழுதினால், அதனை ஏற்கும் குடும்பத்தைத் தேடுவார்கள். "இதை நான் உண்பதில்லை, மன்னியுங்கள்" என்று பணிவாகச் சொல்லப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்காமலேயே தட்டில் பரிமாறப்படும் வீட்டில் அந்த வாக்கியம் எப்படிப் பிறக்கும்?

இனிப் பெரிய அச்சத்திற்கு வருகிறேன். என்னிடம் தொடக்கப்பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி, பின்னாளில் இடைநிலைப்பள்ளியிலிருந்து ஓராண்டுப் பரிமாற்றத்திற்குத் தேர்வானாள். படிவத்தில் தந்தையின் கையொப்பம் மட்டுமே எஞ்சியிருந்தது. பாட்டி அழுதார், பெரியப்பா சினந்தார். "முன்பின் தெரியாதவன் வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளையை எப்படி விடுவது, ஐயா?" என்று தந்தை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொன்னேன், எடுபடவில்லை. படிவம் அப்படியே கிடந்தது. ஈராண்டு கழித்து, அதே மகளைக் கல்லூரிப் படிப்புக்காகச் சிலாங்கூரில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பெண்களோடு விட்டுவிட்டு வந்தார்கள். அந்த வீட்டு உரிமையாளரை யார் விசாரித்தார்? மாதந்தோறும் யார் சென்று பார்த்தார்? ஊர் நம் நாட்டில் இருந்தால் போதும், அச்சம் அடங்கிவிடுகிறது!

தீங்கே நேராது என்று நான் கூறமாட்டேன். 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்கிராண்டன் நகரில் பரிமாற்ற மாணவர்கள் சிலர் தகாத வீடுகளில், போதிய உணவின்றி வைக்கப்பட்டிருந்தது வெளிவந்து பெரும் கண்டனம் எழுந்தது. மறு ஆண்டே அந்நாட்டு வெளியுறவுத் துறை விதிகளை இறுக்கியது. அவ்விதிகளின்படி, ஏற்கும் வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் சோதிக்கப்பட வேண்டும். வீட்டை நேரில் கண்டு படமெடுக்க வேண்டும். மாணவரோடும் குடும்பத்தோடும் மாதந்தோறும் தொடர்புகொள்ள வேண்டும். குடும்பத்திற்குப் பணம் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி மிக நுட்பமானது: பிள்ளையைப் பிழைப்பாக எண்ணி எவரும் ஏற்றுவிடக் கூடாதல்லவா?

ஆகவே, பெற்றோர்களே, "பாதுகாப்பா?" என்று பொதுவாகக் கேட்டு, யாரோ "ஆமாம்" என்றதும் நம்பவும் வேண்டாம், "இல்லை" என்றதும் மறுக்கவும் வேண்டாம். உள்ளூர்ப் பொறுப்பாளர் யார், வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறார், நள்ளிரவில் பிள்ளை அழைத்தால் எடுப்பாரா, வீடு பொருந்தாவிட்டால் எத்தனை நாளில் மாற்றுவார்கள் என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை தராத நிறுவனத்தோடு அனுப்பாதீர்கள். விடை கிடைத்த பின்னும் மறுப்பீர்களானால், மறுப்பது பாதுகாப்புக்காக என்று சொல்லாதீர்கள்.

செலவைக் காரணம் காட்டுவோர்க்கும் ஒரு சொல். 2002இல் அமெரிக்க நாடாளுமன்றம் தொடங்கிய யெஸ் திட்டம், வானூர்திக் கட்டணம் முதல் கைச்செலவு வரை ஏற்கும் முழு உதவித்தொகையாக அமைந்தது. மலேசிய மாணவர்களும் அதில் சென்று வந்தனர். இத்தகைய வாய்ப்பு அறிவிக்கப்படும்போது அதை மாணவர் காதில் போடுவது ஆசிரியரின் கடமை. தேர்வு மதிப்பெண் போய்விடும் என்று சுற்றறிக்கையை மேசை அறைக்குள் வைத்துப் பூட்டும் சக ஆசிரியர்களை நான் அறிவேன்.

இறுதியாக, எவரும் பேசாத மறுபாதி. பரிமாற்றம் என்றால் நாமும் ஏற்க வேண்டும். திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்துப் பத்துக் குறளையும் வகுப்பில் மனனம் செய்யவைக்கிறோம். தீபாவளிக்குத் திறந்த இல்லம் நடத்தி, முன்பின் தெரியாதவருக்கும் முறுக்கும் பிரியாணியும் தருகிறோம். ஆனால் ஓர் அயல்நாட்டு மாணவனைச் சில மாதம் ஏற்பீர்களா என்று நான் கேட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவும் தயங்கின. "எங்கள் ஆங்கிலம் சரியில்லை, ஐயா", "வீடு சிறியது, ஐயா" என்றார்கள். அவன் ஆங்கிலம் கற்கவா வருகிறான்? இட்லியும் தமிழும் உள்ள வீட்டை எவரும் அவனுக்குக் காட்டாவிட்டால், அப்படி ஒரு மலேசியா இருப்பதையே அறியாமல் அவன் ஊர் திரும்புவான். இடத்தைப் பற்றியோ, நான் மேலே சொன்ன அமெரிக்க விதிகளே மாணவருக்குத் தனிப் படுக்கைதான் கேட்கின்றன. தனி அறை கேட்கவில்லை. மகனின் அறையில் இன்னொரு கட்டில் போட முடியாதா?

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் அடுத்த மாதம் நடைபெறவுள்ளது. சுற்றுலா நிறுவனத்தின் விலைப்பட்டியல் இப்போதே மேசைக்கு வந்துவிட்டது. அட்டையில் பெரிய எழுத்தில் 'மாணவர் பரிமாற்றத் திட்டம்' என்றிருக்கிறது. உள்ளே மூன்று நட்சத்திர விடுதியின் படம். அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லி எழுத்து மூலம் கேட்கப்போகிறேன்.