வக்காலத்தில் எல்லாம் அடங்குமா?

வரி வழக்கில் வக்கீல் செய்துகொண்ட சமரசம் கட்சிக்காரரைக் கட்டுப்படுத்துமா? வழக்கைக் கையாளும் சுதந்திரம் வக்கீலுக்கு வேண்டும் என்பதில் தகராறு இல்லை. உரிய அதிகாரம் பெற்ற வக்கீல் சமரசத்தில் கையெழுத்திடலாம் என்று உச்ச நீதிமன்றமே 1991-இல் பைராம் பெஸ்டோன்ஜி வழக்கில் ஏற்றது. ஆனால் 2015-இல் ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதி சங்க வழக்கில், கட்சிக்காரரின் உரிமையைப் பாதிக்கும் விட்டுக்கொடுப்புக்குத் தெளிவான அறிவுறுத்தல் வேண்டும் என்றது. வரி வழக்குக்கு இந்த இரண்டாம் தீர்ப்பே பொருத்தம் என்பது என் கருத்து. எந்த வாதத்தை முன்வைப்பது என்பது வக்கீலின் தொழில். எவ்வளவு வரியை ஒப்புக்கொள்வது என்பது கட்டுகிறவரின் முடிவு. நேரடி வரித் தகராறுகளைத் தீர்க்க வந்த 2020-ஆம் ஆண்டின் 'விவாத் சே விஸ்வாஸ்' சட்டத்தின் விதிகளும், வருமான வரிக் கணக்கில் கையொப்பமிடத் தகுதியுள்ளவரே சமரச விண்ணப்பத்திலும் கையொப்பமிட வேண்டும் என்றன. மேல்முறையீட்டில் வாதாடுவது மட்டும் அந்தத் தகுதியைத் தராது.

ஒவ்வொரு வக்கீலின் அதிகாரத்தையும் வரித் துறை துருவிக்கொண்டிருந்தால் எந்த வழக்கும் முடியாது என்பார்கள். வக்கீலை நம்பிச் சமரசம் செய்த எதிர்த்தரப்பை நட்டாற்றில் விடுவதும் நியாயமில்லைதான். அதற்காகவே, தொகையைக் குறிப்பிட்டுக் கட்சிக்காரர் கையொப்பமிட்ட ஒரு தாளை முதலிலேயே கேட்டு வாங்கலாம். அச்சடித்த வக்காலத்தின் பொடி எழுத்தில் கிடக்கும் 'சமரசம் செய்யவும்' என்ற சொற்கள் அதற்கு ஈடாகாது.