குருவிகுளத்திலிருந்து கப்பல்துறை வரை

அயல்நாடுகளில் குடியேறிய பந்துக்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் வேன் அமர்த்திக்கொண்டு போய்வருவதே சங்கரன்கோவில் வட்டாரத்துக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கமாயிருக்க, அண்மைக் காலத்தில் அந்த வரிசையில் கடற்பிரயாணமும் சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மகனும் மருமகளும் வீடியோ அழைப்பில் வந்து, சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறி இரண்டு மூன்று நாள் கடலில் எல்லோரும் ஒன்றாக இருக்கலாமென்று பிரஸ்தாபிக்கிறார்கள். குருவிகுளத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியும் தாத்தாவும், அது எவ்வளவு தூரம், எத்தனை ரூபாய், எந்த மாதம் என்பதையெல்லாம் கேட்காமலே, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சரியென்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த யோசனை நல்ல யோசனை என்பதே என் அபிப்பிராயம். வந்த பந்துக்கள் வீடு வீடாக விருந்துண்டு, பாதி நாளைக் காரிலும் மீதி நாளைக் கடைத்தெருவிலும் கழித்துவிட்டு, பெற்றவர்களோடு ஆற அமரப் பேசாமலே விமானமேறுகிற அவசரத்துக்கு, ஒரே கூரையின்கீழ் வேறு வேலையின்றி இருக்க நேரும் கப்பல்வாசம் நல்லதொரு மாற்றாகும். ஆனால் அந்தப் பிரயாணத்தின் தேதியும் செலவும் அறையும் ஆகாரமும், வருகிறவர்களின் விடுப்பையும் வசதியையும் மட்டுமே அளவுகோலாகக் கொண்டு தீர்மானிக்கப்பட்டு, ஊரில் இருப்பவர்கள் தலைக்கணக்காக மாத்திரம் அதில் சேர்க்கப்படுகிறார்களே, அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். திட்டம் கிராமத்து வீட்டிலிருந்து தொடங்கிக் கப்பலைச் சென்றடைய வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தென்பாண்டிச் சீமையின் ஏழைக் குடும்பங்கள் கப்பலைக் கண்ட விதமே வேறாயிருந்தது என்பதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாமிலும், 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் மார்க்கம் ஏற்பட்ட பிறகு மண்டபம் முகாமிலும் நிறுத்திவைத்து, நோய்ப் பரிசோதனை முடிந்த பின்னரே தொழிலாளர்களைக் கரை கடக்க விட்டார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் கையெழுத்தாகியிருந்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்று நிர்ணயித்தது. அவ்வாறு திரும்பி வந்தவர்களில் பெருந்திரளானோரை ராமேசுவரத்தில் இறக்கியது 'ராமானுஜம்' என்ற கப்பல். மலேயா சென்றவர்களுக்கோ, 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா'; அதில் பணமுள்ளவர் அறையிலும் இல்லாதவர் தளத்தில் பாய் விரித்தும் வங்கக் கடலைக் கடந்தார்கள். பின்னர் அதே மார்க்கத்தில் ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்கள் மாண்டதோடு அந்தப் பிரயாணிக் கப்பல் போக்குவரத்தே அற்றுப்போயிற்று. ஆகவே, கப்பல் என்ற பேச்சை எடுத்தால் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் சற்று மௌனமாகிவிடுவாரானால், அதைப் பட்டிக்காட்டு அச்சமென்று பிள்ளைகள் ஒதுக்கிவிடலாகாது. அவர் வீட்டிலிருந்து யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் தகும்.

இனி, காலம். மேற்குக் கடலைத் தென்மேற்குப் பருவக்காற்று கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில்தான் மும்பையிலிருந்து ஓடும் உல்லாசக் கப்பல் கிழக்குக் கரைக்கு மாறியது. கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' 2022 ஜூனில் சென்னையிலிருந்து தன் ஓட்டத்தைத் தொடங்கி, 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது. ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலை நம்ப முடியாது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று ஆரவாரத்தோடு தொடங்கிய கப்பல் சில நாட்களிலேயே நின்றுபோய், மறு ஆண்டு ஆகஸ்டில்தான் மீண்டும் புறப்பட்டது. குருவிகுளத்துக் கரிசலும் இதற்கு ஒத்தாற்போலவே இயங்குகிறது: மானாவாரிப் புஞ்சையில் புரட்டாசி ஐப்பசியில் விதைப்பு, கார்த்திகையில் களையெடுப்பு, மார்கழியிலிருந்து உளுந்தும் பாசியும் நெற்றுப் பறிக்கும் வேலை. டிசம்பர் விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள், வருஷத்திலேயே வீட்டுக்காரர்களுக்கு ஓய்வற்ற மாதத்திலும் கடல் அமைதியற்ற பருவத்திலும் கப்பலேறச் சொல்கிறார்கள். ஆடியில் கல்யாணங்கள் இல்லை. நிலம் மழைக்குக் காத்துக் கிடக்கிறது. சங்கரன்கோவிலில் கோமதியம்மனின் ஆடித்தபசுக்கு எப்படியும் உறவுமுறை கூடுகிறது. தபசு முடிந்த கையோடு இரண்டு இரவுகள் கடலில் கழித்துவருவது வயதானவர்களுக்கும் தாங்கும்; அப்போது பள்ளிக்கூடம் நடக்கிற காலமாதலால் பிள்ளைகளுக்கு ஓரிரு நாள் விடுப்பெடுக்க நேரும் என்பதே அதிலுள்ள குறை.

காகித விஷயத்தில் நேரும் சங்கடங்களோ, வெளிநாட்டிலிருப்பவர்களுக்கு முற்றிலும் தெரியாதவை. இலங்கைத் துறைமுகத்தைத் தொடும் கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். கடலில் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் கப்பலென்றால் இந்தியப் பிரஜைகளுக்கு அரசு அடையாள அட்டையே போதும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால், களைவெட்டும் பருத்தியும் தேய்த்துவிட்ட விரல்களோடு ஆச்சி திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ரேகை கருவியில் பதியாது, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைக்கச் சொல்வார்கள். ஆதாரில் ஒரு வயதும் வாக்காளர் அட்டையில் வேறொரு வயதும் இருக்கும்; அதைத் திருத்தாமல் விண்ணப்பம் நகராது. 1,500 ரூபாய்க் கட்டணத்தில் அறுபது வயது கடந்தவர்களுக்குப் பத்து சதவீதச் சலுகை உண்டென்றாலும், போக்குவரத்தும் ஒரு நாள் கூலி இழப்பும் அதைவிடப் பெரிது. பெயரிலுள்ள இனிஷியல் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயராக விரிந்து நிற்க, வெளிநாட்டு மகன் கப்பல் சீட்டை இனிஷியலோடு பதிவு செய்துவிட்டால், துறைமுக வாயிலில் ஒரு மணி நேரம் வாதாட வேண்டிவரும். வருகிறவர்களும் தங்கள் பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் ஓ.சி.ஐ. அட்டை இல்லாமல், ஒரே முறை நுழைய அனுமதிக்கும் விசாவில் வந்திருந்தால், இலங்கையைத் தொட்ட கப்பலிலிருந்து இறங்கி மீண்டும் இந்தியாவுக்குள் நுழைய வழியிராது.

பணத்தைப் பற்றிப் பேச நம் குடும்பங்கள் கூச்சப்படுகின்றன. அந்தக் கூச்சத்தால் வரும் நஷ்டம் ஏழைப் பக்கத்துக்கே. கப்பல் விளம்பரத்தில் காணும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஆளொன்றுக்குச் சொல்லப்படுவது, அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் ஏறும். சீட்டுச் செலவு முழுவதையும் தம்பி ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலும், அண்ணன் வீட்டில் அது செய்முறைக் கடனாகவே மனத்தில் பதிகிறது. வெறுங்கையோடு போவது மரியாதையில்லையென்று மதினி புதுத் துணியும் பெட்டியும் வாங்க நகையை அடகுவைக்கிறாள். யார் எதைக் கொடுப்பது, திரும்பச் செய்ய வேண்டியது ஏதுமில்லை என்பதை முதல் பேச்சிலேயே மூத்தவர் முன்னிலையில் சொல்லிவிட்டால் அந்த நகை வீட்டிலேயே இருக்கும். அறை விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். ஜன்னலில்லாத உள்ளறை, கடல் தெரியும் அறை, மாடம் வைத்த அறை என்று கப்பலில் படிகள் இருக்கின்றன. வந்தவர்கள் மாடத்திலும் ஊர்க்காரர்கள் உள்ளறையிலும் தங்குவதாக ஏற்பாடு செய்வது, ரஜூலாவின் தளத்தையும் அறையையும் ஒரே குடும்பத்துக்குள் கொண்டுவருவதாகும். அதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். கையில் உள்ள தொகைக்கு எல்லோரும் உள்ளறையே எடுத்துக்கொள்ளட்டும், பெரியவர்களின் அறை மட்டும் லிஃப்டுக்கு அருகில் இருக்கட்டும். மேல்தளத்திலிருந்து தெரியும் கடல் எல்லோருக்கும் பொது.

சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை எழும்பூர் வந்துவிடலாமென்பது உண்மையே. ஆயினும் அன்றே கப்பலேறும் திட்டம் முதியவர்களுக்கு ஆகாது. ஒரு நாள் முன்னதாக வந்து தங்குவதே உசிதம். துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு பல மணி நேரம் கழித்தே அறைக்குக் கொண்டுவருவார்களாதலால், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் கைப்பையில் இருக்க வேண்டும். கப்பலில் சூதாட்டக் கூடமும் மதுவும் உண்டென்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. சைவ ஆகாரம் கிடைக்கும். ஆனால் ரசமும் மோருஞ்சாதமும் கேட்கும் வயிற்றுக்கு அது எவ்வளவு பொருந்துமென்பது வேறு விஷயம்.

ஏறியவுடன் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையை வேடிக்கையாகக் கருதி அறையிலேயே தங்கிவிடுவோர் பலர். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பிரயாணிகளுக்கு அந்த ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே ஒத்திகை நடந்தாக வேண்டுமென்று சர்வதேச விதி கடுமையாக்கப்பட்டது. கப்பலுக்குச் செலவு கட்டாதென்று தேக்கடிப் படகுக்கோ ஆலப்புழைப் படகு வீட்டுக்கோ மாறுகிற குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன். நம் பக்கத்து ஜனங்கள் அடிக்கடி போகும் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று கவிழ்ந்த 'ஜலகன்யகா' 45 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மிதவைச் சட்டை தராத படகில் குழந்தையை ஏற்றாதிருப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவு சிரமத்தில் பாதி, கப்பல் நமக்குத் தொலைவில் இருப்பதால் விளைவது. குருவிகுளத்துக்குப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தும் குடையை இலவசமாகக் கொடுத்தும் பிரயாணிகளை இழுத்த போட்டியை எதிர்த்துக் கொழும்புக்குக் கப்பல் விட்ட துறை அது. இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 2011 ஜூனில் 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்ற கப்பல் அங்கிருந்து கொழும்புக்கு ஓடத் தொடங்கி, அதே ஆண்டு நவம்பரில் நின்றுவிட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று மத்திய அரசு தொடங்கிய க்ரூஸ் பாரத் இயக்கம், கப்பற்பிரயாணிகளின் எண்ணிக்கையை ஐந்தாண்டில் இரட்டிப்பாக்க உத்தேசிக்கிறது. அந்த உத்தேசம் மெய்யானால், பெரும் சரக்குக் கப்பல்கள் வந்துபோகும் ஆழமுள்ள தூத்துக்குடியை, மன்னார் வளைகுடா அமைதியாயிருக்கும் தை முதல் பங்குனி வரையிலாவது மாதமொரு முறை பிரயாணிக் கப்பல் தொட்டுச் செல்ல ஏற்பாடு செய்தல் அரசுக்கும் துறைமுகத்துக்கும் அசாத்தியமன்று. மகசூல் வீடு வந்து சேரும் மாதங்கள் அவை. தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் முதியவர்கள் இரவு ரயிலின்றிக் காலையில் காரில் போய்க் கப்பலேறலாம்.

அது நடக்கும் வரை, அயல்நாட்டிலிருக்கும் பந்துக்களுக்கு என் வேண்டுகோள் இது: முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் ஊருக்கு ஒரு முறை தனியாகப் பேசுங்கள்; தாத்தாவின் முழங்காலையும் ஆச்சியின் பாஸ்போர்ட்டையும் அண்ணன் வயலின் விதைப்பையும் கேட்டறிந்து, தேதியை அவர்களே குறிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். தயங்கித் தயங்கிச் சரியென்றால் காரணத்தைக் கேளுங்கள். வேண்டாமென்றால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிட்டு, விடுப்பு முழுவதையும் வீட்டிலேயே அவர்களோடு இருங்கள்.