ரூட் லாகினுக்கு யார் பொறுப்பு?

2021 மே 7 அன்று அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு ஆளாகித் தன் எரிபொருள் குழாயை நிறுத்தியது. கிழக்குக் கரையோர மாநிலங்களுக்கான எரிபொருளில் ஏறத்தாழ 45 விழுக்காடு அந்தக் குழாயில்தான் போகிறது. பல ஊர்களில் பெட்ரோல் நிலையங்கள் காலியாயின. தாக்கியவர்கள் நுழைந்தது, புழக்கத்தில் இல்லை என்று கருதப்பட்ட ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாக. கடவுச்சொல் மட்டுமே அதற்குக் காவல். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லும் இல்லை என்று நிறுவனத் தலைவர் ஜோசப் பிளவுன்ட் செனட் குழுவிடம் சொன்னார். நம்மை உறுத்த வேண்டியது இதுதான். அந்தக் கணக்கை யாரும் மூடாமல் விட்டிருந்தார்கள்.

இதே ஆபத்து நம் சர்வர்களுக்கும் உண்டு. தொலைவிலிருந்து சர்வரை நிர்வகிக்க இன்று உலகெங்கும் பயன்படுவது எஸ்.எஸ்.எச். ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதால், டாட்டு யுலோனன் 1995இல் அதை உருவாக்கினார். அது வழியைப் பத்திரப்படுத்தும். உள்ளே வருபவர் யார் என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். லினக்ஸ் சர்வரில் ‘ரூட்’ பயனரால் எதையும் அழிக்க முடியும். அதன் கடவுச்சொல்லை நான்கு பேர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டால், லாகில் பயனர் பெயராக ‘ரூட்’ என்று மட்டுமே பதியும். தவறு நடந்தால் நால்வரும் கைவிரிப்பார்கள்.

செய்ய வேண்டியது சிரமமானது இல்லை. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு சாவிக்கோப்பு, தேவைப்படும்போது மட்டும் ரூட் உரிமை தரும் ‘சுடோ’, கூடவே இரண்டாவது சரிபார்ப்பு. நேரடி ரூட் லாகினையும் கடவுச்சொல் லாகினையும் அடைத்துவிடலாம். (அடைக்கும்முன், திறந்திருக்கும் இணைப்பை விடாமல், இன்னொரு சாளரத்தில் சாவி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்வது கட்டாயம்.)

இத்தனையையும் அட்மின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. “அவசரம், இப்போதைக்குத் திறந்துவிடு” என்று மேலதிகாரி சொன்னால் அவரால் மறுக்க முடியாது. மறுக்கும் உரிமையை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். ஊழியர் விலகும் நாளிலேயே மனிதவளப் பிரிவு அட்மினுக்குத் தகவல் சொல்ல வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களின் பொறியாளர்களுக்கும் தனிக் கணக்கு, அதற்கொரு முடிவுத் தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உள்ளே நுழையக்கூடிய அனைவரின் பட்டியலையும் அட்மினோடு துறைத் தலைவரும் பெயர் பெயராகப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.